மூக்கைப் பொத்தக் கூடாத மலை

எட்டு மாதங்களுக்குப் பிறகு அவள் மூக்கில் ஏறிய முதல் வாடை, செத்த எலியின் வாடை.

பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் மூன்றாம் நாள் வீடு முழுக்கப் பரவுமே, இனிப்பும் அழுகலுமாகத் தொண்டையின் உள்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். மலையடிவார விடுதியின் மரக்கட்டிலில், ஈரம் கோத்த கம்பளிக்குள் சுருண்டபடி, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அவள் அதை ஒரு இழுப்பு இழுத்தாள். இன்னொரு இழுப்பு இழுத்தாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். சந்தோஷத்தில்தான். செத்த எலியை முகர்ந்து ஆனந்தக் கண்ணீர் விட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவளுக்கு மூக்குதான் பிழைப்பு. சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடங்களாக வாசனை பார்க்கிறாள். ஒல்லியான காகிதப் பட்டையில் வாசனை எண்ணெயைத் தொட்டு நீட்டுவார்கள். முகர்ந்துவிட்டு, இதில் ரோஜா தூக்கல், இது போன பீப்பாய் மாதிரி இல்லை, இதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொல்வாள். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். எல்லோரும் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நிற்கும் காவலாளி, முதல் நாள் குடித்திருந்தால், முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் அவளுக்கு வணக்கம் வைப்பார். அப்படிப்பட்ட மூக்கு ஒரு வாரக் காய்ச்சலில் செத்துப்போனது. காய்ச்சல் போனது, மூக்கு திரும்பவில்லை. மேலாளர் நல்ல மனுஷன், எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். வரும் திங்கட்கிழமை பத்துப் பட்டைகளை நீட்டப் போகிறார். சரியாகச் சொன்னால் பழைய நாற்காலி; இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவு. பெட்டி ஒட்டுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அங்கே யாரும் அவளை மூக்கம்மா என்று கூப்பிட மாட்டார்கள். அதை நினைத்தால்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்ன அண்ணி, காலங்காத்தால அழுகை?"

ஜன்னலோரம் நின்றிருந்தாள் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். ஒரு அதட்டலில் ஐந்நூறு பிள்ளைகளை அசையாமல் நிற்க வைப்பவள். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றதும், அண்ணியை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மூட்டையைக் கட்டியவள் இவள்தான். இந்த மலையை அவளுக்குச் சொன்னவர் கூட வேலை பார்த்த ஜியாகிரபி டீச்சர். வருடத்தில் இந்த ஒரு மாதம் மலை முழுக்கக் காட்டுப்பூ பூக்கும், உச்சிக்குப் போய் அந்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு வந்தால் உடம்பில் எந்தக் கோளாறும் நிற்காது, அது தெய்வம் இருக்கிற மலை என்று சொல்லியிருந்தார்.

"வாசனை வருதுடி," என்றாள் அவள். "எனக்கு வாசனை வருது!"

"நான் சொன்னேன்ல!" நாத்தனார் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "மேல ஏறவே இல்ல, அதுக்குள்ள பாருங்க. என்ன வாசனை வருது, சொல்லுங்க பார்ப்போம்."

அவள் மறுபடி முகர்ந்தாள். அந்த நாற்றம் இப்போது நாத்தனாரின் தலையிலிருந்துதான் வந்தது. காதோரம் நீலப்பூ ஒன்றைச் செருகியிருந்தாள். ஜன்னல் விளிம்பில் கண்ணாடித் தம்ளர் நிறைய அதே பூ.

"விடுதிக்காரம்மா நேத்து குடுத்தாங்க. ராத்திரி முழுக்கத் தலைமாட்டுலயே வெச்சிருந்தேன். அப்படி ஒரு மணம் அண்ணி, தூங்கவே விடல."

டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூக்கு திரும்பும்போது நேராகத் திரும்பாது, கோணலாகத்தான் திரும்பும். மல்லிகை சாக்கடை மாதிரி நாறலாம், பழம் கருகிய முடி மாதிரி நாறலாம். பயந்து ஒதுங்காதீர்கள். காலையும் மாலையும் இருபது எண்ணும்வரை விடாமல் முகருங்கள், இது நல்ல வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே முகருங்கள், மூக்கு தானாக வழிக்கு வரும் என்று சொல்லி, பழகிக்கொள்ள நான்கு சின்னப் புட்டிகளும் கொடுத்தார். ஆக, எல்லோருக்கும் மணக்கிற பூ தனக்கு மட்டும் நாறுகிறது. அவ்வளவுதான் விஷயம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பழக்கம் அவளுக்கு.

தம்ளரைக் கையில் எடுத்தாள். உள்ளங்கை அகலப் பூ. வெளியே நீலம், உள்ளே போகப் போக ஊதா, அடித்தொண்டையில் மட்டும் பச்சை மாமிசத்தின் சிவப்பு. அந்த இடத்தில் இதழ் தடித்து, மினுமினுவென்று ஈரமாக, மெல்லிய ரோமம் முளைத்து இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கை அதற்குள் புதைத்தாள். இது நல்ல வாசனை, இது நல்ல வாசனை. பதினொன்று எண்ணும்போது இடது மூக்குத் துவாரத்துக்குள் ஏதோ குறுகுறுத்தது. மகரந்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இருபதுவரை இழுத்தாள்.

சாப்பாட்டு அறையில் விடுதிக்காரம்மா ரொட்டியும் டீயும் வைத்தாள். வாய் நிறையச் சிரிப்பு. டீயை ஊற்றிக்கொண்டே, "மேல போனா யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது. துணி கட்டிக்கக் கூடாது. சீன்னு ஒரு வார்த்தை வாயில வந்துடக் கூடாது," என்றாள்.

"ஏங்க, சாமி கோவிச்சுக்குமா?" என்று நாத்தனார் கண்ணடித்தாள்.

"கோவமெல்லாம் இல்ல. மலை மனசு கஷ்டப்படும்."

விடுதிக்காரம்மாவின் மேலுதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கொழுத்த, பச்சை மினுக்கும் ஈ. அது மெதுவாக மேலே நடந்து, மூக்கின் விளிம்பில் நின்று, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. அந்தம்மா கையை ஓங்கவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. இரண்டாவது தம்ளரில் டீ நிரம்பும் வரை பார்வையைத் தாழ்த்தியிருந்த அவள் நிமிர்ந்து அந்தம்மா முகத்தைப் பார்த்தபோது ஈயைக் காணவில்லை. பறந்துபோன சத்தமும் கேட்கவில்லை. அவள் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

விடுதிக்காரம்மா ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டி வாசலில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், தன்மையான மனிதர், இருவர் பையையும் கேட்காமலே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் மூச்சை அவள் கவனித்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ம்ம்ம் என்று நீளமாக ஓர் இழுப்பு இழுப்பார். உள்ளே போகும்போது அந்த மூச்சு, அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல் களகளத்தது.

முதல் ஒரு மணி நேரம் வெறும் பாறையும் புல்லும்தான். அதற்குப் பிறகு பாதையின் இரண்டு ஓரங்களிலும் பூ தொடங்கியது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு கொத்துக்கொத்தாக, பிறகு சரிவு முழுவதும் நீலத் துணியை விரித்து உலர்த்தியதுபோல, மூடுபனி அதன்மேல் வயிறு தேய ஊர்ந்து போக, அந்தப் பனியோடு சேர்ந்து நாற்றமும் கால் முட்டியிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து கழுத்துக்கும் ஏறிக்கொண்டே வந்தது. அவளால் வேறு என்ன செய்ய முடியும்? பத்தொன்பது வருடப் பழக்கம், தன்னை அறியாமலேயே அதைப் பிரித்துப் பார்த்தாள். மேலாக மீன் கழுவிய தண்ணீர். நடுவில் நாள்பட்ட புண்ணிலிருந்து உரித்த கட்டுத்துணி, சீழ் காய்ந்தது. அடியில் கனமாக, அசையாமல், ஓர் இனிப்பு. பழத்தின் இனிப்பு இல்லை. வெயிலில் கிடந்த மாமிசத்தின் இனிப்பு. உமிழ்நீர் ஊறி ஊறி வாய் நிறைந்தது. துப்பவும் பயமாக இருந்தது, விழுங்கவும் கூசியது.

"ஜியாகிரபி டீச்சர் சொன்னது கம்மி," என்றாள் முன்னால் போன நாத்தனார். பேச்சு கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி வந்தது. நிமிடத்துக்கு ஒரு தும்மல்.

"அவங்க போன வருஷம்தானே வந்தாங்க? திரும்பி வந்து என்ன சொன்னாங்க?"

"திரும்பியா? அவங்க எங்க திரும்பினாங்க! இங்கேயே தங்கிட்டேன்னு போன் பண்ணாங்க, அவ்வளவுதான். வேலையையே விட்டுட்டாங்க அண்ணி. மேல இருப்பாங்க, பாருங்க, நம்மளப் பார்த்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க."

இதை ஏன் நீ முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்க நினைத்தாள். அதற்குள் நாத்தனார் அடுத்த திருப்பத்தில் மறைந்துவிட்டாள்.

தட்டையான பாறை ஒன்று வந்தது. கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். இடது மூக்கில் குறுகுறுப்பு நிற்கவில்லை. நின்று நின்று, இடம் மாறி மாறி அரித்தது. டாக்டரின் புட்டிகள் நினைவுக்கு வந்தன. காலையில் அவற்றைத் தொடவே இல்லையே என்று இடுப்புப் பையிலிருந்து எலுமிச்சைப் புட்டியை எடுத்துத் திறந்தாள். கோணல் மூக்குக்கு இதுவும் நாறத்தான் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முகர்ந்தாள்.

எலுமிச்சை.

வெறும் எலுமிச்சை. தோல், அதன் லேசான கசப்பு, புட்டி திறந்து மூன்று மாதம் ஆகிவிட்டதால் எண்ணெயில் ஏறியிருந்த ஒரு துளி காறல். அந்தக் காறல் வரைக்கும் தெரிந்தது. கிராம்புப் புட்டியைத் திறந்தாள். கிராம்பு. அடுத்தது, அதற்கடுத்தது. நான்கும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. அவள் மூக்கு முழுதாக வந்துவிட்டது. திங்கட்கிழமை பத்துப் பட்டைகளையும் கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்லலாம். எழுந்து நின்று குதிக்கலாம் போல இருந்தது.

குதிக்கவில்லை. எழுந்த பாதியில் அப்படியே நின்றாள். மூக்கு நேராக இருக்கிறது என்றால் இந்தப் பூ?

பாறையோரத்துப் பூவைக் கிள்ளி, நகத்தால் தொண்டையைக் கீறிப் பிரித்தாள். இதழ் கிழியும்போது பிசுபிசுவென்று நீர் கசிந்தது. உள்ளே அந்தச் சிவப்புச் சதையில், ரோமங்களுக்கு நடுவே, வரிசை வரிசையாக வெள்ளை முட்டைகள். சில வெடித்திருந்தன. வெடித்த இடங்களில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக நெளிந்தது, ஒன்றல்ல, இரண்டல்ல. இந்தப் பூவுக்குள்தான் இன்று காலை இருபது எண்ணும்வரை மூக்கைப் புதைத்து வைத்திருந்தாள். நல்ல வாசனை என்று சொல்லிச் சொல்லி.

மூக்குக்குள் அரித்தது.

துண்டின் முனையை எடுத்துப் பலமாகச் சிந்தினாள். சளி. கொஞ்சம் ரத்தம். அதில் இரண்டு வெள்ளைப் புழுக்கள், கறுப்புத் தலையைத் தூக்கித் தூக்கி, எந்தப் பக்கம் சூடு என்று தேடிக்கொண்டிருந்தன. தொண்டை வரை வந்த வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள்.

"சீ!"

வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. குழந்தை தட்டைத் தள்ளிவிட்டால் வீட்டில் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"முதல்ல அப்படித்தான்மா இருக்கும்," என்றார்.

ஓடலாம். பாதை ஒன்றுதான், இறக்கம்தான், ஒரு மணி நேரத்தில் விடுதி, அங்கிருந்து வண்டி. ஆனால் நாத்தனாரை விட்டுவிட்டு எப்படிப் போவது? ராத்திரி முழுக்கப் பூவைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தவள். தனக்காகத்தான் இந்த மலைக்கே வந்தவள். ஒரே தங்கையை எங்கே விட்டாய் என்று கணவர் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது? துண்டை உதறி எறிந்துவிட்டு மேலே ஓடினாள்.

பனிக்குள் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

"வாடி, இறங்கிடலாம். ஒண்ணும் கேக்காத, வா."

"இன்னும் பத்து நிமிஷம்தான் அண்ணி. அதோ தெரியுது பாருங்க."

நாத்தனாரின் மூக்கு வீங்கி இரண்டு மடங்காகியிருந்தது. வீக்கத்தின் தோல் பளபளத்தது. உள்ளிருந்து அசைந்தது. நாத்தனார் தும்மினாள். புறங்கையில் ஒரு புழு வந்து விழுந்தது, துண்டில் நெளிந்தவற்றைவிடப் பெரியது, சோற்றுப் பருக்கை அளவு. அதைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"பாவம், குளிர்ல நடுங்குது," என்றாள். விரல் நுனியில் ஏந்தி, பூப்போல, அதை மறுபடி மூக்குக்குள் விட்டுக்கொண்டாள்.

அவள் குனிந்து, பாதையிலேயே, காலையில் குடித்த டீ முழுவதையும் வாந்தி எடுத்தாள். அது மண்ணில் விழுந்த மறுகணம் ஈக்கள் வந்து மொய்த்தன. எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை.

நிமிர்ந்தபோது நாத்தனார் போய்விட்டிருந்தாள்.

உச்சி சமதளமாக இருந்தது. கோயில் இல்லை. கல்கூட இல்லை. பூ மட்டும்தான், நெருக்கமாக, முழங்கால் உயரம். மேலே ஒரு ரீங்காரம், காதைவிட்டு விலகாமல், ஒரே சுருதியில். அதற்குக் கீழே வேறொரு சத்தம். ஈரமான சத்தம். பல வாய்கள் மெதுவாக மெல்லுவதுபோல.

பூக்களுக்கு நடுவே ஆட்கள் படுத்திருந்தார்கள். முகம் கீழே. வரிசையாக. யாரோ பார்த்துப் பார்த்துப் படுக்க வைத்த மாதிரி. சிலருடைய முதுகு ஏறி இறங்கியது. சிலருடையது அசையவில்லை. ஆனால் அவர்கள் சட்டையும் அசைந்தது.

"டீச்சர்!" என்று நாத்தனார் உரக்கக் கூப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமான குரலை அவள் கேட்டதே இல்லை. "ஜியாகிரபி டீச்சர்! நான் சொன்னேன்ல அண்ணி, இங்கதான் இருப்பாங்கன்னு!"

பழுப்பு ஸ்வெட்டர் போட்ட எதற்கோ பக்கத்தில் நாத்தனார் மண்டியிட்டாள். இடம் பார்த்தாள். படுத்தாள். முகத்தைப் பூவுக்குள் வைத்து, அம்மா மடியில் வைப்பதுபோல் இரண்டு தரம் புரட்டி, அடங்கினாள்.

அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. டிரில் டீச்சர் உடம்பு, கல்லாகக் கனத்தது. இழுத்தாள். கத்தினாள். வாய் திறந்ததும் ஈ உள்ளே போனது. நாக்கில் அதன் கால்கள். துப்பினாள். இரண்டு கைகளாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். இறுக்கமாக. மூச்சு விடவில்லை.

வழிகாட்டி பக்கத்தில் வந்து குந்தினார். அவசரப்படவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். அவர் கை சூடாக இருந்தது.

"வேணாம்மா. அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

நெஞ்சு வெடித்தது. வாய் தானாகத் திறந்தது. இழுத்தாள்.

மீன் கழுவிய தண்ணீர் இல்லை.

இன்னொரு மூச்சு. கட்டுத்துணியைத் தேடினாள். அதுவும் இல்லை. அந்த இடத்தில் குளித்துவிட்டு வந்த குழந்தையின் கழுத்து. அதன் கீழே மழை விழுந்த புழுதி. அதற்கும் கீழே, அடியில், அந்தக் கனமான இனிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இப்போது அது அருவருக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் எந்தப் பட்டையிலும் வராத ஒன்று.

அவளுக்குப் புரிந்தது. எல்லாமே புரிந்தது, அதுதான் கொடுமை. மூக்குக்குள் இருப்பவை இன்னும் உள்ளே, கண்ணுக்குப் பின்னால், எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டன. இது வாசனை இல்லை. இது பிணம். எழுந்திரு. இறங்கு. திங்கட்கிழமை. அட்டைப்பெட்டி ஒட்டினால்கூடப் போதும். நாற்காலி வேண்டாம், பெயர் வேண்டாம், எழுந்து ஓடு.

கால் எழுந்திருக்கவில்லை. கை நாத்தனாரின் தோளில்தான் இருந்தது. இன்னொரு முறை இழுத்தாள், காப்பாற்றத்தான். இந்தத் தடவை உடம்பு லேசாகப் புரண்டது.

நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கு இல்லை. மூக்கு இருந்த இடத்தில், மேலுதட்டிலிருந்து கண் வரை, கொதிக்கும் உலையில் அரிசி புரள்வதுபோல் வெள்ளையாகப் புரண்டது. "நல்லா இருக்குல்ல அண்ணி?" என்றன உதடுகள்.

அங்கிருந்துதான் வந்தது. அந்த வாசனை, அதன் அசல், அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அவள் குனிந்தாள். கன்னத்தைக் கன்னத்தோடு வைத்து, தூங்கும் பிள்ளையை முகர்வதுபோல், அந்தக் குழிக்குள் முகத்தை முழுவதுமாகப் புதைத்து, மூச்சை இழுத்தாள். சூடாக, ஈரமாக, அவை அவள் உதட்டின் மேல் ஏறின. அவள் வாயைத் திறந்து வழிவிட்டாள்.